பட்டைசாமிக்குக் கீழே ஒரு வீடு

அமுதா,

நான் பேச ஆரம்பித்தால் நீ எழுந்து போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். படிக்கும்போதும் எழுந்து போகலாம். ஆனால் காகிதம் நீ திரும்பி வரும்வரை வைத்த இடத்திலேயே இருக்கும். இதைப் படித்து உன் மனம் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. உன் மாமன் ஏழுமலை ஊரெல்லாம் பாக்கு வெற்றிலை வைத்துவிட்டு வந்துவிட்டான். தலைக்கு மேலே பாறை இருக்கிறது என்று ஒரு கல்யாணத்தை நிறுத்தியதாக நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. என்னாலும் நிறுத்த முடியாது. நீ எந்த இடத்தில் வாழப் போகிறாய் என்பதை மட்டும், எனக்குத் தெரிந்தவரை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சேகர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் டிப்போவில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது, பேசும்போது நிலத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். உனக்கு அவனைப் பிடித்திருப்பது எனக்குத் தெரியும், எனக்கும் பிடித்திருக்கிறது. என் மறுப்பெல்லாம் அவன் வீடு நிற்கும் இடத்தைப் பற்றித்தான். அன்றைக்கு நீ சொன்னாயே, "ஜாதகம் சரியில்லன்னு சொல்லும்மா, பையன் குடிக்கறான்னு சொல்லு, ஒத்துக்கறேன். வீட்டுக்கு மேல கல்லு இருக்குதுன்னு எந்த அம்மாவாவது சம்பந்தம் வேணாம்பாளா?" என்று. சொல்லிவிட்டு நீ சிரித்தாய். உன் மாமனும் சிரித்தான். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

நான் பிறந்து வளர்ந்ததும் அதே தெருதான். பெரிய கோயிலுக்குப் பின்னால், மலையின் அடிச்சரிவில், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் இடம். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு முனுசாமி மாமாவுடையது; உன் மாமனார் ஆகப்போகிறவர். அந்த வீட்டுக்கு நேர் மேலே அந்தப் பாறை இருந்தது. அப்போது அது சாமி இல்லை. ஆனைக்கல் என்று சொல்வோம். சித்திரை வெயிலில் மதியத்துக்குமேல் அதற்குள்ளிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரும். மரக்கதவை யாரோ ஒரு விரலால் தட்டுவதுபோல இருக்கும். "மலை பேசுது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் அது என்ன பேசுகிறது என்று தெரிந்தாக வேண்டும். பள்ளி நூலகத்தில் யாரும் எடுக்காத அலமாரி ஒன்று உண்டு. அதிலிருந்த பூமியைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். "இன்னாடி, கல்லைப் பத்திப் படிச்சிட்டு கல்லு ஒடைக்கவா போகப்போற?" என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

மலை என்றால் மேலே வளர்ந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். புத்தகம் வேறு சொன்னது. நம்முடைய இந்தக் கருங்கல் பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், பாகுபோல் இருந்து மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அவசரமில்லாமல் ஆறியதால்தான் உடைத்துப் பார்த்தால் அதில் பளிங்குத் துகளும் சிவந்த துகளும் கறுப்பு மினுக்கும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. அதன் மேல் இருந்த மண்ணும் கல்லும் யுக யுகமாக மழையில் கரைந்து போயின. சுமை இறங்கியதும் அடியில் நெரிந்து கிடந்த பாறை மூச்சு விடுகிறது, உப்புகிறது. உப்பும்போது வெங்காயம்போல் தோல் தோலாகப் பிரிகிறது. வெயில் அந்தத் தோலை விரிக்கிறது, மழை சுருக்குகிறது. இடுக்கில் தண்ணீரும், ஏதாவது ஒரு விதையின் வேரும் நுழைகின்றன. டொக் என்று கேட்பது ஒரு தோல் பிரியும் சத்தம். அதைப் படித்த மாலை பள்ளி விட்டு வரும்போது நான் தெருமுனையில் நின்று ஆனைக்கல்லை அண்ணாந்து பார்த்தேன். அதன் முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. தினமும் பார்த்த கோடுதான். அன்றுதான் அது கோடு இல்லை, விரிசல் என்று புரிந்தது. விரிசலுக்கு இடது பக்கம் இருப்பது மலை. வலது பக்கம் இருப்பது மலையை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கும் துண்டு. அந்தத் துண்டு முனுசாமி மாமா வீட்டைவிடப் பெரியது.

அந்த வருடம் கார்த்திகைக்கு நான் மலை உச்சிக்குப் போனேன். நம் வீட்டுப் பெண்கள் மலை சுற்றுவார்கள், ஏற மாட்டார்கள். மலையே சாமி, சாமி மேல் கால் வைக்கலாமா என்பார்கள். என் அம்மாவுக்குக் காய்ச்சல் நீண்டபோது, குணமானால் பிள்ளைகள் கையால் உச்சிக்கு நெய் கொடுக்கிறேன் என்று உன் தாத்தா, எங்கள் நைனா, வேண்டிக்கொண்டிருந்தார். அதனால் எனக்கும் அனுமதி கிடைத்தது. நெய்த் தூக்கை அண்ணன் தூக்கிக்கொண்டான். ஏற ஏறப் படி இல்லை, பாதை இல்லை, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கால் மாற்றுவதுதான். முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். நடுவில் சுக்கு நாறிப் புல் தலைக்கு மேல் நிற்கும். அதற்கும் மேலே வெறும் பாறை, காற்று, வழுக்கல். உச்சி நான் நினைத்ததுபோல் கூர்மையாக இல்லை. பல வருடத்து நெய்யும் கரியும் ஊறிக் கறுத்த, கால் ஒட்டுகிற ஒரு முதுகு. எல்லோரும் தீபம் ஏற்றும் கொப்பரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். சரிவெல்லாம் தோலுக்கு மேல் தோல், ஓரங்கள் கிளம்பி நின்றன. உரிந்த தோல்கள் துண்டுதுண்டாக அடிவாரம்வரை சிதறிக் கிடந்தன. கீழே கிடந்த ஒவ்வொரு கல்லும் ஒரு காலத்தில் மேலே இருந்தது. உச்சி என்று நாங்கள் நின்ற இடம் இன்னும் விழாமல் மிஞ்சியிருந்த இடம், அவ்வளவுதான்.

"அண்ணா, இந்த மலை உதிர்ந்துகினே இருக்குது" என்றேன்.

"உனக்குப் படிப்பு ஜாஸ்தியாப் போச்சு. இத நைனா கிட்ட சொல்லிடாத, உன் தோலை உரிச்சிடுவாரு" என்றான் உன் மாமன். ஆனால் இறங்கும்போது தானாகவே, "சரி, அந்த ஆனைக்கல்லைப் போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டான். அவன் அப்படித்தான். கேலி செய்வான், பிறகு கூட வருவான். அதை நீயும் அறிவாய்.

பக்கவாட்டில் ஏறினால் ஆனைக்கல்லின் கழுத்தில் ஒரு விளிம்பு வரும், கால் வைக்கலாம். விரிசலில் அண்ணன் சவர பிளேடைச் செருகிப் பார்த்தான். பாதிவரை போயிற்று. அது முன்பே அப்படி இருந்ததா, இப்போதுதான் விரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர் வெடித்தபோது ஓவர்சியர் ஒருவர் வந்து, வெடிப்புக்குக் குறுக்கே சிமெண்டால் சின்னப் பட்டி ஒன்று போட்டுவிட்டுப் போனார். மழை முடிந்து வந்து பார்த்தபோது பட்டியும் வெடித்திருந்தது. சுவர் நகர்கிறது என்று சொல்லி அந்த அறையை மூடிவிட்டார்கள். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு பட்டி வெடித்ததைக் காட்டினால் ஓர் அறையே காலியாகும்! அப்படியென்றால் ஒரு தெருவையும் காலி செய்யலாம். அந்த வயதில் எனக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பில் வெல்லத்தண்ணீர் கலந்து எடுத்துப் போனோம். விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடங்களில் கையகலத்துக்குப் பூசினால் போதும் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. "மிச்சத்தைத் திரும்பக் கீழ தூக்கினு போகச் சொல்றியா?" என்று சொல்லி, எட்டின மட்டும் இழுத்து இழுத்துப் பூசினான். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று நீள வெள்ளைப் பட்டைகள். இறங்கி வந்து நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முனுசாமி மாமா பல் துலக்க வெளியே வந்தவர், வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாராம். கறுத்த நெற்றியில் மூன்று திருநீற்றுப் பட்டை. தெரு முழுக்க ஓடி வந்தது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

"மாமா, அது நாங்க பூசினது. நானும் அண்ணனும் நேத்து பூசினோம். கல்லு நவுருதான்னு பாக்கறதுக்கு" என்றேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். "நீதான்டி பூசின. இல்லன்னு யாரு சொன்னா? உன்னப் பூச வெச்சது யாரு? அதச் சொல்லு."

கூட்டம் "ஆமா" என்றது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. இன்றைக்கும் என்னிடம் இல்லை, அமுதா.

ஆடி மழையில் பட்டைகள் வெடித்தன. நான் காத்திருந்த சாட்சி அதுதான். அண்ணனோடு ஏறிப் பார்த்தேன். மூன்றும் நடுவில் பிளந்து, பிளவு ஒரு விரல் நுழையும் அளவு இருந்தது. ஓடி வந்து நைனாவிடம் சொன்னேன், முனுசாமி மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். "சாமி நெத்தி வெறுமையா இருக்கலாமா? வெள்ளிக்கு வெள்ளி பூசணும்" என்றார். முதலில் பூசியவன் கைராசிக்காரன் என்று அந்த வேலையை அண்ணனுக்கே கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுச் சுண்ணாம்பு பூசப்பட்டது. எவ்வளவு விரிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய பட்டையே அதை மூடி மறைக்கும் பட்டையாகிவிட்டது. ஆனைக்கல் பட்டைசாமி ஆயிற்று. அடியில் ஒரு மேடை, பிறகு கூரை, பிறகு மணி என்று வளர்ந்தது. முனுசாமி மாமா பூசாரி ஆனார். இந்தக் காலத்திலெல்லாம் அண்ணன் எனக்காகத்தான் ஏறினான். பூசுவதற்கு முன் விரிசலில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொல்வான். "ரெண்டு விரலு போகுது." இன்னொரு வருடம், "கை போகுது, மணிக்கட்டு மாட்டுது."

கல்லுடைப்பவர்கள் பெரிய பாறையை எடுத்தவுடன் உளியால் தொடுவதில்லை, நீ பார்த்திருப்பாய். மேலே விறகு அடுக்கி எரிப்பார்கள். சூட்டில் மேல்தோல் உப்பிக் கிளம்பும். பிறகு தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். பட்டைசாமிக்கு முதல் கார்த்திகை வந்தபோது அதன் காலடியில், பாறையை ஒட்டியே, ஆள் உயரத்துக்கு மேல் பனையோலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பாறை அனலாகக் கொதித்தது. உடனே குடம் குடமாக அபிஷேகம் செய்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, கல்லு ஒடைக்கறவங்க இப்பிடித்தான் செய்வாங்க மாமா."

"அவங்க ஒடைக்கறதுக்குச் செய்யறாங்க. நாம கும்புடறதுக்குச் செய்யறோம். நெருப்புக்கு வித்தியாசம் தெரியாதாடி?" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள், "வாத்தியாரம்மா வந்துட்டாங்க, வழி வுடுங்க" என்று சிரித்தார்கள். வாத்தியாரம்மா என்பது அன்றிலிருந்து என் பட்டப்பெயர். நிஜமாகவே வாத்தியாரம்மா ஆகும் ஆசை எனக்கு இருந்தது. பதினோராவது முடிக்குமுன் மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலைக்கு என்னைக் கொடுத்துவிட்டார்கள். நீ பிறந்தாய். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைக்கு வேறு முகம். பட்டைசாமி தெரியாது. தெரியாததால் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன். உன் அப்பாவிடம் ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னேன். ஏர் ஓட்டிக் களைத்து வந்து உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரியாத்தான் படுது. ஆனா சரியா இருந்து இன்னா பண்ணப் போற?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

உனக்கு ஐந்து வயது இருக்கும்போது அந்தப் பெரிய மழை வந்தது. ஏரியெல்லாம் நிரம்பி வழிந்தது உனக்கு நினைவிருக்காது. விடாத மழையிலும் வெள்ளிக்கிழமை தவறக்கூடாது என்று அண்ணன் ஏறிப் பட்டை பூசிவிட்டு இறங்கி, தெருமுனைக் கடையில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தானாம். அப்போது மேலே மணல் கொட்டுவதுபோல் ஒரு சரசரப்பு. பிறகு பட்டைசாமியின் தோளிலிருந்து லாரி அளவு ஒரு சில்லு கழன்று வந்தது. மேடைக்குச் சற்று மேலே மோதி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி வலப்பக்கம் உருண்டு குழாயடியில் நின்றது. இன்னொரு பாதி இடப்பக்கம் இருந்த மாட்டுக் கொட்டகையை இழுத்துக்கொண்டு போயிற்று. கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்த சின்னப்பன் என்கிற மூட்டை தூக்குகிறவர் செத்துப்போனார்.

செய்தி கேட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன். இனிமேலாவது காலி செய்வார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ஒரு மனிதர் செத்த இடத்தில் அப்படி ஒரு நம்பிக்கையோடு போய் இறங்கினேன் என்பதை எழுதவே கூசுகிறது. தெருவில் மேளம் கேட்டது. சாமி கல்லை இரண்டாகப் பிளந்து, தன் மேடையையும் பூசாரி வீட்டையும் காப்பாற்றிவிட்டதாம். "அப்ப சின்னப்பன்?" என்று கேட்டேன். "அவன் செருப்போட நின்னுக்கினு இருந்தான்கா" என்றாள் ஒரு பெண், மெதுவாக, அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே. கொட்டகை வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. மழையில் ஒதுங்குகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டா ஒதுங்குவான்?

அண்ணனைத் தேடிப்போனேன். மேடையில் உட்கார்ந்திருந்தான். "விரிசல் எவ்ளோ இருந்ததுண்ணா? பூசும்போது பாத்தியா?" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. "அதெல்லாம் இனிமே பாக்கக் கூடாதுமா. சாமி என்ன எறக்கி வுட்டு, டீ கிளாஸைக் கையில குடுத்துட்டு, அப்புறம்தான் வுழுந்தது. இன்னும் இன்னா சாட்சி வேணும் உனக்கு?" அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தப்பியவனுக்கு, அது வெறும் நேரம்தான் என்று தெரிந்துகொண்டு வாழ்வது கஷ்டம். அதுவரை எனக்காக ஏறியவன் அதற்குப் பிறகு பாறைக்காக ஏறினான். விரிசல் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போயிற்று.

விழுந்தது ஒரு சில்லுதான், அமுதா. பெரிய துண்டு அப்படியே நிற்கிறது. மேலிருந்து சில்லு போனதால் விரிசலின் வாய் இப்போது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பெய்கிற மழையெல்லாம் நேராக உள்ளே இறங்கும். இதை நான் யூகித்துச் சொல்லவில்லை. போன மாதம், உன் ரவிக்கைக்காகத் தையற்காரரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் ஏறிப் பார்த்தேன். உன் அப்பா இருந்திருந்தால் கூட வந்திருப்பார். புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, பழைய பக்கவாட்டு வழியிலேயே போனேன். கால் மறக்கவில்லை. விளிம்பில் நின்று பார்த்தால், சுண்ணாம்புப் பட்டை இருந்த இடத்தில் வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரிசலை முகம் முழுக்கச் சிமெண்ட் வைத்து அடைத்து, பாறை நிறத்துக்கே கறுப்பும் பூசியிருக்கிறார்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்காக என்று சொன்னார்கள். சிமெண்டின் ஓரத்தில் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சிமெண்ட் பாறையை விட்டு விலகியிருந்தது. கொண்டை ஊசியை எடுத்துச் செருகினேன், முழுவதும் போய்விட்டது. உள்ளங்கையை வைத்தேன். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது அப்படிக் காற்று வர வேண்டுமென்றால் உள்ளே வெகு ஆழத்துக்குத் திறந்திருக்க வேண்டும்.

அங்கே நின்றுகொண்டு கீழே பார்த்தேன். முனுசாமி மாமா வீட்டின் பின்பக்கம், பாறையின் காலை ஒட்டி, புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். மருமகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, சாமியின் மடி என்று உன் மாமன் பெருமையாகச் சொன்ன அறை அதுதான். மொட்டை மாடியில் சேகர் தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்: "அத்தே! பாத்து எறங்குங்க, அங்க வழுக்கும்! இருங்க, நானே வர்றேன்!" ஏறி வந்து, கையைப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகக் காட்டி என்னை இறக்கிவிட்டான். இறங்கும்போது அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். மரியாதையாகக் கேட்டான். "நான் பொறந்ததுலேருந்து இதுக்குக் கீழதான அத்தே தூங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். இதுவரை விழவில்லை என்பது இனி விழாது என்பதற்குச் சாட்சி இல்லை. புத்தகக் கணக்கில் அது விழும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அவ்வளவு அன்பான முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

அந்தக் குடும்பம் அங்கிருந்து நகராது. பூசாரி வீடு நகர்ந்தால் சாமி பொய்யாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் உன்னை இங்கே அழைத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். தலை தீபாவளிக்கு வருவாய், நான்கு நாள் இருப்பாய். அதற்குப் பிறகு கார்த்திகை வரும். சொக்கப்பனைக்கு அந்த வீட்டு மருமகள் இல்லாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தேன். எல்லா வழியும் திரும்பி அந்த அறையிலேயே வந்து முடிகிறது. உண்மையைச் சொன்னால் போதும், பட்டி வெடித்ததைக் காட்டினால் போதும் என்று நம்பிய பெண் நான். அது போதாது என்று கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். வெயிலில் வரும் டொக் சத்தத்துக்குப் பயப்படாதே. அது பழைய பேச்சு. மழையில் சத்தம் வந்தால் பயப்படு. பாறையிலிருந்து கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பரவாயில்லை. மண் கலந்து சிவப்பாக வந்தால் உள்ளே ஏதோ கரைகிறது. கதவு திடீரென்று நிலையில் மாட்டிக்கொண்டால், மழையில் மரம் ஊறிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நீ சுவரைப் பார். பொடிக்கல்லும் மணலும் சரசரவென்று உதிர்ந்தால் எதையும் எடுக்காதே, நகை புடவை எதையும் எடுக்காதே. தெருவை நோக்கி நேராக ஓடாதே, கல்லும் அதே வழியில்தான் வரும், பக்கவாட்டில் ஓடு. இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. உன்னையும் வாத்தியாரம்மா என்பார்கள். புகுந்த வீட்டில் அந்தப் பெயரைச் சுமப்பது சுலபம் இல்லை.

நான் நேற்று அந்தத் தெருவுக்குப் போய் ஓர் அறை பேசிவிட்டு வந்தேன். உன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, பாக்கியம் அக்கா வீட்டின் பின்கட்டு. நம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். உன் மாமனுக்கு இன்னும் தெரியாது; எதிர்வீட்டில் அவனோடு இருந்தால் மழை இரவில் என்னை வெளியே விடமாட்டான். பாக்கியம் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டி, சம்பந்தி வீட்டு வாசலுக்கே குடி வர்றியே, ஊர் சிரிக்காதா? பொண்ணைப் பிரிஞ்சி இருக்க முடியலியான்னு கேப்பாங்களே?" என்றாள். ஆமாம், அதனால்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய் இல்லை. "பட்டைசாமி பக்கத்துல இருந்தா உனக்கும் நல்லதுதான்" என்று அவள் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தாள். அந்த அறைக்கும் மேலே அதே பாறைதான் இருக்கிறது. விழுந்தால் நான்கு வீட்டுக்குக் கணக்குப் பார்த்து விழாது.

நான் வந்து எதையும் தடுத்துவிட மாட்டேன். மழை பெய்யும்போது விழித்திருப்பேன், கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஏதாவது கேட்டால் வந்து உன் கதவைத் தட்டுவேன். பல தடவை ஒன்றுமில்லாததற்குத் தட்டுவேன். அவர்கள் முதல் தடவை பதறி எழுவார்கள், இரண்டாம் தடவை சிரிப்பார்கள், பிறகு கிழவி மாதிரி பயப்படுகிறாள் என்று திட்டுவார்கள், பிறகு எழவே மாட்டார்கள். உனக்கும் வெட்கமாக இருக்கும். சேகர் உன் தோளில் கை வைத்து, "வுடு, உங்கம்மா தானே, போய்டுவாங்க" என்பான். அப்போதும் நான் தட்டுவேன். நீ எழுந்து திறக்க வேண்டும், அமுதா. திறப்பாயா என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மா